ஒரு டாலரில் தொடங்கும் ஏலம்

பழைய சோபாவை ஓஎல்எக்ஸில் விற்கப் போடுகிறவர், 8,000 ரூபாய் வந்தால் போதும் என்று மனதில் வைத்துக்கொண்டு 12,000 என்று போடுவார். பார்க்க வருகிறவர் 6,000-இல் ஆரம்பிப்பார். நடுவில் எங்கேயோ படியும். பேரத்தில் முதலில் விழும் தொகைக்கு ஓர் இழுப்பு உண்டு என்பது சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். ஆய்வில் அதைக் காட்டியவர்கள் உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றினார்கள். 10 அல்லது 65-இல் மட்டுமே நிற்கும்படி அதில் உள்வேலை செய்திருந்தது. பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 விழக் கண்டவர்கள் 25-ஐ ஒட்டியும், 65 விழக் கண்டவர்கள் 45-ஐ ஒட்டியும் சொன்னார்கள். சம்பந்தமே இல்லாத ஓர் எண் கணிப்பை இழுத்துக்கொண்டு போயிருந்தது. 1974-இல் வெளியான இந்த முடிவு இன்றும் வியாபாரப் பாடங்களில் தவறாமல் வருகிறது.

இந்தப் பாடத்தை நம்பி ஈபே போன்ற இணைய ஏலத்தில் பொருளைப் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். ஜில்லியன் கு, ஆடம் கலின்ஸ்கி, கீத் மர்னிகன் ஆகிய மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த விலையில் தொடங்கிய ஏலங்கள் பல நேரங்களில் அதிக விலையில் தொடங்கியவற்றைவிட மேலே போய் முடிந்தன. காரணமாக அவர்கள் சொன்னவை மூன்று. விலை குறைவாக இருந்தால் சும்மா எட்டிப் பார்க்க வந்தவரும் ஒரு தொகை கேட்டுவைப்பார். ஒருமுறை கேட்டுவிட்டவர், இவ்வளவு நேரம் செலவழித்தாயிற்றே என்று விடாமல் தொடர்வார். புதிதாக வருகிறவரோ, இத்தனை பேர் கேட்கும் பொருளில் ஏதோ இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது காரணம்தான் விசித்திரமானது. ஒரே படத்தின் டிவிடி இரண்டு, ஒரே மாலையில் முடியும் இரண்டு ஏலங்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் இப்போதைய விலை 11 டாலர். ஒன்று 1 டாலரில் தொடங்கி, ஒன்பது முறை கேட்கப்பட்டு 11-க்கு வந்திருக்கிறது. மற்றது 10-இல் தொடங்கியது. இரண்டே முறைதான் கேட்டிருக்கிறார்கள். பொருள் ஒன்று, விலை ஒன்று. முதல் ஏலத்தின் கூட்டம் மலிவான தொடக்கத்தால் சேர்ந்ததே தவிர, டிவிடியின் தரத்தால் அல்ல. ஆனாலும் புதிதாக வருகிறவர் அந்தக் கூட்டத்தில்தான் போய் நிற்கிறார். ஈபே டிவிடி ஏலங்களை ஆராய்ந்து யூரி சைமன்சனும் டான் ஏரியலியும் 2008-இல் இதை எழுதினார்கள். அப்படிப் போய் நிற்பவருக்கு ஜெயிக்கும் வாய்ப்பும் குறைவு, ஜெயித்தால் கொடுக்கும் விலையும் அதிகம். விற்கிறவருக்குக் கொண்டாட்டம்தான்.

கூட்டத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஈபேயில் உங்கள் உச்சத் தொகையை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மற்றவர்கள் கேட்கக் கேட்க, தேவையான அளவு மட்டும் கணினி உங்கள் பெயரில் ஏற்றிக்கொண்டே போகும். ஆகவே வென்றவர் கொடுப்பது தன் உச்சத் தொகையை அல்ல, தனக்கு அடுத்து நின்றவரின் தொகைக்குச் சற்று மேல். வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்த இரண்டாம் விலை ஏலத்தின் சாயல் இது. பணம் கட்டுவது ஜெயித்தவர் என்றாலும், எவ்வளவு என்று முடிவுசெய்வது தோற்றவர்.

இனி கொஞ்சம் கணக்கு. ஒரு பொருளுக்கு ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்கும் விலை 0 முதல் 100 டாலர் வரை எதுவாகவும், சம வாய்ப்போடு, இருக்கலாம் என்று கொள்வோம். ஒரே ஓர் ஆள்தான் வருவார் என்றால், சுழியத்தில் தொடங்கினால் கிடைப்பதும் சுழியம். 50-இல் தொடங்கினால் பாதி நேரம் 50-க்கு விற்கும், பாதி நேரம் விற்காது; சராசரி 25. இரண்டு பேர் வந்தால், சுழியத்தில் தொடங்கியும் சராசரியாக 33 கிடைக்கும். அதே இருவருக்கு 50 என்று தொடக்கம் வைத்தால் கிட்டத்தட்ட 42. கெட்டிக்காரத்தனம் பலித்ததுபோலத்தான் தெரிகிறது. ஆனால் மூன்றாவதாக ஒருவர் வந்துவிட்டால், தொடக்க விலையே இல்லாமல் 50 கிடைத்துவிடுகிறது. மிகச் சரியான தொடக்க விலையைக் கண்டுபிடிக்க மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கூடுதலாக ஓர் ஆளைக் கொண்டுவருவது மேல் என்பதைச் சில அனுமானங்களின் கீழ் பொதுவாகவே நிரூபித்தவர்கள் ஜெரமி புலோவும் பால் கிளெம்பரரும். ஆண்டு 1996. ஏலக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரு டாலரில் போட்டுவிடலாமா? கூடாது. மேலே சொன்ன கணக்கில் ஒற்றை ஆளின் கதையைத் திரும்பப் பாருங்கள். 1995-இல் ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் அதில் ஆரம்பத்திலேயே விற்ற பொருள்களில் ஒன்று, உடைந்துபோன லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரிந்தேதான் கேட்கிறீர்களா என்று விசாரித்தபோது, உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேர் வருவார்களா என்பதுதான் கேள்வி. வராவிட்டால், குறைத்துத் தொடங்கிய பொருள் அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

உயர்த்தித் தொடங்குவதற்கும் ஒரு நியாயம் உண்டு. டேவிட் லக்கிங்-ரைலி 1990-களில் மேஜிக் விளையாட்டுச் சீட்டுகளை இணையத்தில் ஏலம் விட்டுப் பார்த்தார். குறைந்தபட்ச விலை வைத்தபோது கேட்க வந்தவர்கள் குறைந்தார்கள், விற்காமல் நின்ற சீட்டுகள் கூடின; ஆனால் விற்றவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. இன்று விற்காவிட்டால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு இது சரிப்படும். வீடு காலி செய்கிறவருக்குச் சரிப்படாது.

தபால் செலவிலும் ஒரு வித்தை இருக்கிறது. தன்ஜிம் ஹொசைனும் ஜான் மார்கனும் சிடிக்களையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் இரண்டு விதமாக ஏலம் விட்டார்கள்: 4 டாலரில் தொடங்கித் தபால் இலவசம் என்று ஒன்று, 1 சென்டில் தொடங்கித் தபாலுக்கு 3.99 என்று இன்னொன்று. கூட்டினால் இரண்டும் ஒன்றே. ஒரு சென்ட் ஏலத்துக்குத்தான் ஆட்கள் சீக்கிரமும் அதிகமும் வந்தார்கள். தபால் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் வசூல் கூடியது.

ஆக, விலை போடும் முன் பார்க்க வேண்டியது அதே பொருள் சமீபத்தில் என்ன விலைக்கு முடிந்தது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. கைபேசி, விளையாட்டுக் கருவி என்று நாள்தோறும் பலர் தேடும் சாமானாக இருந்தால் தைரியமாகக் குறைத்துத் தொடங்கலாம். தாத்தா காலத்துக் கேமராவின் லென்ஸ் மூடி என்றால், எந்த விலைக்குப் போனாலும் வயிறு எரியாதோ அந்த விலையில்.

பொருளின் பெயரைச் சரியாக எழுதுவதும் முக்கியம். கு குழுவினர் தேடியவர்களின் கண்ணில் படாமல் போன, பெயர் பிழையாக எழுதப்பட்ட ஏலங்களையும் பார்த்தார்கள். அவற்றில் குறைந்த தொடக்கத்தின் அனுகூலம் காணாமல் போயிருந்தது. அப்படித் தனியாக நிற்கும் பொருளை ஒற்றை ஆளாக நுழைந்து அள்ளிக்கொண்டு போவதற்கென்றே, ஈபேயின் எழுத்துப்பிழைகளைத் தேடித்தரும் தளங்கள் நடக்கின்றன.