'எர்த்குவேக்' படத்தில் வருவது நிஜத்தில் நடக்குமா?

தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலியே நடுங்கினால் எப்படி இருக்கும்?

1974இல் வெளிவந்த 'எர்த்குவேக்' படம் ரசிகர்களுக்கு அந்த அனுபவத்தைக் கொடுத்தது. சார்ல்டன் ஹெஸ்டன், ஏவா கார்ட்னர் நடித்த ஹாலிவுட் படம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்குவதுதான் கதை.

தியேட்டருக்குள் 'சென்சரவுண்ட்' எனும் முறையில் பெரிய ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. அவை எழுப்பிய தாழ்ந்த ஒலி காதில் கேட்டதைவிட உடம்பில் உணரப்பட்டதே அதிகம். சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் விருதும் படத்துக்குக் கிடைத்தது.

சரி, படத்தில் காட்டுவதெல்லாம் உண்மையா?

முன்கூட்டியே கணிக்க முடியுமா?

படத்தில் இளம் ஆய்வாளர் ஒருவர் கணித்துவிடுகிறார். நிஜத்தில் முடியாது. இந்த நாள், இந்த நேரம் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. வரும் ஆண்டுகளில் ஓர் இடத்தில் நிலநடுக்கம் ஏற்படும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லலாம்.

அணை உடையுமா?

படத்தின் முடிவில் அணை உடைந்து வெள்ளம் பாய்கிறது. 'இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும்' என்று தோன்றுகிறதா?

1971 பிப்ரவரி 9ஆம் தேதி காலை, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ரிக்டர் அளவில் 6.6ஆகப் பதிவான நிலநடுக்கம் ஏற்பட்டது. 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்குள்ள வேன் நோர்மன் மண் அணையின் மேற்பகுதி சரிந்து நீருக்குள் விழுந்தது. மிஞ்சிய சில அடி உயர மண்தான் தண்ணீரைத் தடுத்து நின்றது. கீழே வசித்த சுமார் 80,000 பேர் வெளியேற்றப்பட்டனர். நல்லவேளை, அணை உடையவில்லை.

வெளியே ஓடலாமா?

படத்தில் எல்லாரும் அலறியடித்து ஓடுகிறார்கள். மேலிருந்து கண்ணாடியும் செங்கலும் விழுகின்றன. அந்த ஆபத்து நிஜம். அதனால் கட்டடத்துக்குள் இருந்தால் ஓடாதீர்கள். குனியுங்கள், உறுதியான மேசைக்கு அடியில் போங்கள், நடுக்கம் நிற்கும்வரை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உயிரைப் பறிப்பது எது?

பெரும்பாலும் இடிந்து விழும் கட்டடங்கள். 1971இல் மாண்டோரில் பலர், ஒரு பழைய மருத்துவமனை இடிந்ததில் சிக்கியவர்கள். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா, நிலப்பிளவுகளின் மேல் வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. 1973இல் மருத்துவமனைக் கட்டடங்களுக்கும் கடுமையான விதிகள் வந்தன.

நிலநடுக்கத்தை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் கட்டடம் எப்படி நிற்க வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.