விளையாட்டின் நடுவே வேகம் குறையும் கணினி

"மற்ற நேரங்களில் கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. மகன் விளையாடத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் போனதும் படம் திக்கித் திக்கி வருகிறது. செயலி பழுதாகிவிட்டதா?" அண்மைக்காலமாக நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் அதற்கு முன்னரே புதுக் கணினிக்கு விலை விசாரித்து வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தச் செலவு தேவைப்படுவதில்லை. இது ஏன் நிகழ்கிறது, காரணத்தை வீட்டிலிருந்தபடியே எப்படிக் கண்டறிவது என்பதைக் கணினித் துறையில் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

செயலி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த மின்திறன் துடிப்பு வேகத்திற்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்திலும் கூடும். வேகத்தைப் பத்து விழுக்காடு உயர்த்த மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு உயர்த்தவேண்டி வந்தால், மின்திறன் 33 விழுக்காடு கூடிவிடும். கடிதம் தட்டச்சு செய்யும்போது செயலி பெரும்பகுதி நேரம் சும்மாதான் இருக்கிறது. விளையாட்டிலோ அதற்கு ஓய்வே இல்லை. போதாக்குறைக்கு, அதே பெட்டிக்குள் இருக்கும் வரைகலை அட்டையும் 200, 300 வாட் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும்.

அளவு மீறிச் சூடானால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. இந்த ஏற்பாட்டின் அருமையை 2001ஆம் ஆண்டில் பலரும் நேரில் கண்டார்கள். டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளம், குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றிப் படம்பிடித்து வெளியிட்டது. இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிப் பிழைத்தது. ஏஎம்டியின் அன்றைய அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்று இரு நிறுவனங்களின் செயலிகளிலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே வேகம் குறைவதைக் காய்ச்சலைப்போல ஓர் அறிகுறியாகவே கொள்ளவேண்டும். நோய் வேறெங்கோ இருக்கிறது.

அந்த நோய் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, செயலியின் சொந்த வெப்பம். இன்டெலின் மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு எல்லை 100 பாகை செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் செயலிக்கு 95, 7800எக்ஸ்3டி செயலிக்கு 89. எல்லையைத் தொட்டவுடன் வேகம் படிப்படியாக இறங்கும்.

இரண்டு, மின்திறன் வரம்பு. எடுத்துக்காட்டாக, 2020இல் வந்த இன்டெல் கோர் ஐ7-10700 செயலியின் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் அது குறுகிய நேரத்திற்கு 224 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். இன்டெலின் பரிந்துரைப்படி ஏறத்தாழ 28 நொடிக்குப் பிறகு 65 வாட்டுக்கு அடங்கவேண்டும். எனவே முதல் அரை நிமிடம் பாய்ந்தோடிப் பின்னர் சற்றுத் தளர்வது பழுதல்ல, அதன் இயல்பு.

மூன்று, தாய்ப்பலகையின் மின்னழுத்தச் சீராக்கி. செயலிக்கு அருகே வரிசையாக இருக்கும் இந்த உறுப்புகள், 12 வோல்ட் மின்சாரத்தைச் செயலிக்கு வேண்டிய ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கித் தருபவை. இவை சூடேறினால் தாய்ப்பலகை செயலிக்கு அபாய அறிவிப்பு அனுப்பும். உடனே செயலியின் வேகம் மிகத் தாழ்ந்த நிலைக்கு விழுந்துவிடும். இன்டெல் செயலிகள் பலவற்றில் அந்த நிலை 0.8 கிகாஹேர்ட்ஸ்.

நான்கு, விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பு. செயலியின் உச்ச அளவு 99 விழுக்காடு என்று யாராவது மாற்றி வைத்திருந்தால்கூட, டர்போ என்னும் மேலதிக வேகம் பல கணினிகளில் நின்றுவிடும்.

இவற்றுள் எது என்பதை ஊகத்தால் சொல்லமுடியாது, அளந்து பார்க்கவேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, பதிவுசெய்யும் வசதியை இயக்கிவிட்டு, இருபது நிமிடம் விளையாடச் சொல்லுங்கள். பின்னர் செயலியின் வெப்பநிலை, வேகம், மின்திறன், சீராக்கியின் வெப்பநிலை ஆகிய நான்கையும் பாருங்கள். வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்டதா என்பதற்கு ஆம், இல்லை என்றே காட்டும் வரிகளும் அதில் உண்டு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 37ஆம் இலக்க எச்சரிக்கை பதிவாகியிருந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தியது தாய்ப்பலகையின் நிலைபொருள் என்று பொருள்.

வேகம் குறையவே இல்லை, ஆனாலும் படம் திக்குகிறது என்றால் செயலியை விட்டுவிடுங்கள். வரைகலை அட்டை சூடேறியிருக்கலாம், அல்லது நினைவகம் நிரம்பி வன்தட்டு திணறிக்கொண்டிருக்கலாம்.

சென்ற குளிர்காலத்தில் ஸ்கார்பரோவில் வசிக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக் கணினியைப் பார்க்க நேர்ந்தது. மேலே சொன்ன அதே ஐ7-10700 செயலி. விளையாடும் மகனும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளும் அந்த ஒரு கணினியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். செயலியையும் தாய்ப்பலகையையும் மாற்றவேண்டும், தொள்ளாயிரம் டொலர் ஆகும் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். நண்பருக்குப் பண்டகசாலையில் இரவு வேலை. அந்தப் பணத்திற்காக மேலதிக நேரம் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

பதிவைப் பார்த்தபோது செயலியின் வெப்பநிலை 65 பாகையைத் தாண்டவே இல்லை. ஆனால் பதினைந்து நிமிடத்திற்குப் பிறகு வேகம் திடீரென்று 0.8 கிகாஹேர்ட்ஸுக்கு விழுந்தது. சில நொடிகளில் மீண்டது, மறுபடி விழுந்தது. செயலி சூடாகாமலே வேகம் அடிமட்டத்துக்கு விழுந்தால் ஐயம் சீராக்கியின் மேல்தான் போகவேண்டும். அதன் வெப்பநிலையோ 110 பாகையைத் தொட்டிருந்தது. பெட்டியைத் திறந்தால், சூடான காற்றை வெளியேற்றவேண்டிய பின்புற மின்விசிறி சுழலவில்லை. பெட்டி இருந்த இடமும் சரியில்லை. தடித்த கம்பளத்தின் மேல், சுவரின் அடியில் ஓடும் மின்வெப்பமூட்டியை ஒட்டினாற்போல் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் குளிரில் அந்த மூலைதான் அறையிலேயே சூடான இடம்.

முதலில் பெட்டியை அங்கிருந்து நகர்த்தி ஒரு மரப்பலகையின் மேல் வைத்தோம். வேகம் விழுவதற்கு இப்போது அரைமணி நேரமானது. அதாவது இடமும் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமல்ல. அடுத்து மின்விசிறியை மாற்றினோம். சீராக்கி 84 பாகையில் நின்றது. இரண்டு மணி நேரம் விளையாடியும் வேகம் விழவில்லை. செலவு பதினெட்டு டொலர். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்திருந்தால் எது எவ்வளவு உதவியது என்று தெரிந்திருக்காது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், பிறகு மறுபடியும் அளவு. பழுது தேடுவதில் இதைவிடப் பெரிய விதி எதுவும் எனக்குத் தெரியாது.

செயலியே 100 பாகைக்கு ஏறுகிறது என்றால் தேடவேண்டிய இடம் வேறு. பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். வெப்பநிலை நன்றாக இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. இறங்காவிட்டால் குளிர்விப்பானைக் கவனிக்கவேண்டும். தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கலாம், வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். இன்டெல் செயலிகளுடன் வரும் குளிர்விப்பானின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று கழன்றிருப்பதும் அடிக்கடி காண்பதுதான். நீரால் குளிர்விக்கும் வகையென்றால், சும்மா இருக்கும்போதே வெப்பநிலை விரைந்து ஏறுவது நீரேற்றி நின்றுவிட்டதன் அடையாளம்.

சில எச்சரிக்கைகள். வேலை தொடங்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். காற்றடித்துத் தூசி போக்கும்போது மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தூசி உறிஞ்சியைப் பயன்படுத்தவேண்டாம், நிலைமின்சாரம் உறுப்புகளைக் கெடுக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 வகைச் செயலியில் குளிர்விப்பானை நேராக இழுத்தால், காய்ந்த பசையோடு செயலியும் பிடுங்கிக்கொண்டு வந்து அதன் ஊசிகள் வளையக்கூடும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுமுன் மெதுவாகத் திருகி எடுக்கவேண்டும். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம்.

இன்னொன்று. தாய்ப்பலகையின் அபாய அறிவிப்பைச் செயலி பொருட்படுத்தாதபடி செய்யும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றை இயக்கினால் வேகம் உடனே திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் சூடு அப்படியே இருக்கும், அதைச் சொல்வதற்குத்தான் ஆளிருக்காது. புகை மணி ஒலிக்கிறது என்பதற்காக அதன் மின்கலத்தைக் கழற்றுவது போன்ற செயல் இது.

இருபது நிமிடப் பதிவுக்குக் காசு எதுவும் ஆவதில்லை. கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றாலும் அந்தப் பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். எதை மாற்றவேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது, இந்த எண்களில் எது அப்படிச் சொல்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.