கொடுமணல்: வணிகம் வளர்த்த கைத்தொழில்கள்

நொய்யல் ஆற்றின் வடகரையில், கரூரையும் முசிறித் துறைமுகத்தையும் இணைத்த பெருவழியில் இருந்த ஊர் இது. மணிகள் செய்யத் தேவையான பெரில் என்னும் நீலப்பச்சைக்கல் அருகிலுள்ள படியூரில் கிடைத்தது. சூதுபவளம் தொலைவிலிருந்து வந்தது. கடல் கடந்தும் வாங்க ஆள் இருந்ததால்தான் கல் உடைப்போர், தேய்ப்போர், துளையிடுவோர், இரும்பு உருக்குவோர் என இத்தனை தொழிலாளர்கள் ஒரே ஊரில் தழைத்தனர்.

1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மூலக்கல், பாதி செதுக்கிய மணி, துளையிடாத மணி, மெருகேறிய மணி எல்லாமே கிடைத்தன. மணியின் துளையைக் கூர்ந்து பாருங்கள்: நூல் நுழையும் அளவுதான். இரும்பைவிடக் கடினமான கல்லில் இப்படித் துளையிடும் திறன் எளிதில் கைவராது. அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு வடபுலப் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

வயல்களில் மணிகள் இன்னும் தென்படலாம். அவற்றை எடுத்துச் செல்லாதீர்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.