எல்லார்க்குமான வானம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில்வழித்தடத்தில் உள்ள வல்லம் வடகாலில் டிட்கோ நிறுவனம் வானூர்தித் தொழிற்பூங்கா ஒன்றை அமைத்துள்ளது. வானூர்தியின் உறுப்புகளை உருவாக்கும் தொழிலாளி, அதில் ஏறிப் பயணம் செய்ய இயலுமா? இதையொத்த வினாவைத் திரையில் எழுப்பியவர் இயக்குநர் சுதா கொங்கரா.

அவருடைய ‘இறுதிச்சுற்று’ (2016), மீன் விற்கும் பெண்ணொருத்தி குத்துச்சண்டை மேடையேறும் கதை. ‘சூரரைப் போற்று’ (2020) படத்தில் அவ்வேற்றம் வானத்தை எட்டுகிறது. பாரதியாரின் புதிய ஆத்திசூடியிலிருந்து தலைப்பைப் பெற்ற இப்படம், 2003இல் ஏர் டெக்கான் சேவையைத் தொடங்கிய கேப்டன் ஜி. ஆர். கோபிநாத்தின் வாழ்வைத் தழுவியது.

சோழவந்தானைச் சேர்ந்த நெடுமாறன், மரணப்படுக்கையிலுள்ள தந்தையைக் காண விரைகிறான். பயணச்சீட்டுக்குப் பணம் போதவில்லை. வானூர்தி நிலையத்தில் பயணிகளிடம் கையேந்துகிறான். அவன் ஊர் சேருமுன் தந்தை இறந்துவிடுகிறார். பறத்தல் என்னும் கனவு, இக்காட்சியில் பயணச்சீட்டின் விலையாகச் சுருங்கி நிற்கிறது.

அவ்விலையைக் குறைக்க ஏர் டெக்கான் எளிய வழிகளைக் கையாண்டது. இலவச உணவைத் தவிர்த்தது, அனைவர்க்கும் ஒரே வகுப்பு இருக்கைகளை அமைத்தது, சிறிய ஏ.டி.ஆர். வானூர்திகளால் சிறு நகரங்களை இணைத்தது. 2008இல் அந்நிறுவனம் கிங்ஃபிஷருடன் இணைந்துவிட்டது. எனினும், குறைந்த கட்டண வானூர்திப் பயணம் இந்தியாவில் நிலைபெற்றது.

68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படமாகத் தேர்வான இப்படைப்பு, தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர்களில் வளரும் மாணவர் முன் ஒரு வினாவை வைக்கிறது: தொழில்நுட்பம் உயரும்போது, அதன் பயன் யாரைச் சென்றடைகிறது?