பிரஷர் இருப்பது எத்தனை பேருக்கு, கட்டுக்குள் இருப்பது எத்தனை பேருக்கு?

‘இத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம்’ என்ற வரி இல்லாத சுகாதார அறிக்கை அபூர்வம். பரிசோதித்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டில் 2020-இல் ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு நடந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை அது. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் சிலரை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, பழக்கவழக்கங்களைக் கேட்டு, எடையும் பிரஷரும் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டினால் போதாதா? போதாது. பிரஷர் வலிக்காது, வலிக்காத நோய்க்கு யார் ஆஸ்பத்திரி போகிறார்கள்? பதிவேட்டில் இருப்பவர்கள் வந்தவர்கள் மட்டும்தான்.

அந்தக் கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் 33.9 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் 17.6 சதவீதம் பேருக்கும் இருந்தது. இதைவிடக் கவலை தருபவை அடுத்த இரண்டு எண்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. அதாவது நூறு பேர் கூடிய இடத்தில் சுமார் 34 பேருக்குப் பிரஷர். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர்!

7.3 எதில் 7.3 என்பதைக் கவனியுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்களில் அல்ல. நோய் இருப்பதே தெரியாதவர்கள், தெரிந்தும் சிகிச்சைக்குப் போகாதவர்கள், பாதியில் விட்டவர்கள் எல்லோரையும் சேர்த்து. ‘எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டுக்குள் இருக்கிறது’ என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஊர் இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளியைக் குறிவைத்தது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். மாத்திரையையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டதாலேயே அழுத்தம் இறங்கிவிடாது. திட்டத்தை எடைபோட எத்தனை கோடி முறை வீடு சென்றார்கள் என்ற கணக்கு உதவாது, அந்த 7.3 எவ்வளவு ஏறியது என்பதே உதவும்.

இன்னொன்று. வீடு வீடாகப் பரிசோதித்தால் நோயாளிகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ‘நோய் பெருகிவிட்டது’ என்று அதற்குத் தலைப்புப் போடுவது அவசரம். பெருகியது பெரும்பாலும் கண்டுபிடிப்பாக இருக்கும்.

அடுத்த முறை பிரஷர் பார்க்கும்போது ‘நார்மல்தான்’ என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இரண்டு எண்களையும் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். 140/90-ஐத் தொட்டிருந்தால் வேறொரு நாளும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள், ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.