எத்தனை பேப்பர்?

குற்றாலத்தில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. தென்காசிக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, பேரருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் துண்டோடு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். மேடை போடுவதிலிருந்து சுவரொட்டி ஒட்டுவது வரை முன்னிற்கும் மூத்த தோழர் ஒருவர் அருகில் வந்தார். முகத்தில் வாட்டம்.

"தம்பி, எம் மவன் டாக்டர் பட்டம் வாங்கிட்டான். வேலைக்குப் போனா, 'எத்தனை பேப்பர் போட்டிருக்கே'ன்னு கேக்காவளாம். நாமளுந்தான் தெனம் ஒரு பேப்பர் போடுதோம்!"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தரகன் ஒருவன் வந்திருக்கிறானாம். பணம் கட்டினால், எவனோ எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் பையன் பெயரையும் சேர்த்து அச்சேற்றித் தருவானாம். வீட்டிலே, பீடி சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்த தாய். அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைப்பதா, வேண்டாமா? தோழர் கேட்டது இதைத்தான்.

ஆராய்ச்சி உலகில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்டறிந்ததைக் கட்டுரையாக வெளியிடுவார். பின்னால் வருபவர், 'இன்னார் சொன்னதை வைத்தே மேலே சென்றேன்' என்று தம் கட்டுரையிலே குறிப்பார். மேற்கோள் என்பது அதுதான். நன்றி மறவாத நல்ல பழக்கம்! அந்த மேற்கோள்களைத் தொகுத்து, 1964-இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு பெரும் பட்டியல் வெளியிட்டார். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியல் அறிஞர் ஓர் அளவுகோல் தந்தார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், எழுதியவர் மதிப்பு பத்து. எச்-இண்டெக்ஸ் என்கிறார்கள். அளவுகோல் வந்தது; அதற்கேற்ப ஆளை இழுத்து நீட்டித் தருகிறோம் என்று தரகர்களும் வந்தார்கள்!

தோழருக்கு நாம் கல்கத்தா மருத்துவர் ஒருவரைப் பற்றிச் சொன்னோம். சம்புநாத் தே என்பது பெயர். 1915-இல் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். அவர் எதிர்த்து நின்ற பகைவன், காலரா.

'பேதியிலே போவான்!' என்று நெல்லைச் சீமைக் கிழவிகள் ஏசக் கேட்டிருப்பீர்கள். வெறும் ஏச்சா அது? ஊர் ஊராக வாரிக்கொண்டு போன நோயின் நினைவு! அம்மன் சினந்தாள் என்றனர். ஆடு வெட்டினர், கூழ் ஊற்றினர், எல்லை தாண்டிப் போய்விடு தாயே என்று மேளம் கொட்டினர். மேளம் ஓய்வதற்குள் பாடை கட்டினர்.

காரணம் கிருமி என்று ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவிலிருந்தே அறிவித்தார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமி, மனிதன் உடலிலிருந்து குடங்குடமாய் நீரை எப்படி வெளியேற்றுகிறது? முக்கால் நூற்றாண்டு விடையில்லை. தே, முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டினார். கிருமி வளர்ந்த சாற்றை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாமற் செய்து, அதை உள்ளே செலுத்தினார். குடல் நீர் நிரம்பி உப்பியது! ஆக, வேலை செய்வது கிருமி உமிழும் நஞ்சு. 1959-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இரண்டே பக்கம்.

உலகம் உடனே எழுந்து நின்றதா? இல்லை. சில ஆண்டுகள் அதை ஏறெடுத்துப் பார்த்தோர் மிகச் சிலர். அன்று இந்த எண்ணிக்கைக் கோலால் அளந்திருந்தால், 'தேறாது' என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்! பிறகு 1969-இல் அமெரிக்காவில் அந்த நஞ்சைத் தூயதாகப் பிரித்தெடுத்தனர். 1978-இல் காலரா பற்றிய நோபெல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தனர். நோபெல் பரிசு பெற்ற லெடர்பர்க், தேயின் பெயரை அந்தப் பரிசுக்கே பரிந்துரைத்தார். இங்கே? 1985-இல் அவர் கண் மூடும் வரை பெரிய விருது ஒன்றும் இல்லை. அறிவியல் அகாதெமிகளில் ஓர் இடங்கூட இல்லை. (1971-இல் வங்க அகதிகள் முகாமில் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கவைத்தே காலராச் சாவை நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறக்கினாரே திலீப் மகலனாபிஸ், அவருக்கு டில்லி பத்ம விபூஷண் அறிவித்தது 2023-இல். அவர் மறைந்ததோ 2022-இல்!)

தே மறைந்த மறு ஆண்டு, கார்ஃபீல்டு தம் மேற்கோள் கணக்கைப் புரட்டி, காலரா ஆராய்ச்சி அவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று கட்டுரை தீட்டினார். எனவே கணக்கின்மீது நமக்குப் பகையில்லை. கணக்கேட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆளைப் பாராதவர்மீதுதான் கோபம். முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பிள்ளையிடம் எண்ணிக்கை கேட்கிறீர்களே, அவனுக்கு ஆய்வுக்கூடம் கொடுத்தீர்களா? கருவி கொடுத்தீர்களா? உதவித்தொகையையாவது மாதந்தவறாமல் கொடுத்தீர்களா?

"சங்கிலி அவர்கள் கழுத்திலேயே இருக்கட்டும், அண்ணாச்சி. பையன் உண்மையாய் எழுதியது ஒன்றென்றால், ஒன்றென்றே சொல்லட்டும்" என்றோம். வேலை தள்ளிப் போகலாம். போகாது என்று பொய் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

தோழர் பதில் பேசவில்லை. தென்காசிப் பேருந்து புறப்படும்போது சன்னலோரம் வந்து, "அந்த வங்காளத்துக்காரர் பேரு என்ன சொன்னிய?" என்றார். சொன்னோம். பீடிக்கட்டு உறையைக் கிழித்து அதன் பின்புறம் எழுதிக்கொண்டார்.