குறைமாதக் குழந்தையின் நெஞ்சைத் தட்டாதீர்கள்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு ஒரே மாதிரியான குழந்தைகள் வருகிறார்கள். 30, 32 வாரத்தில் பிறந்து, இன்குபேட்டரில் இருந்து, எடை தேறி வீட்டுக்குப் போனவர்கள். உதடு நீலம் பாரித்துத் திரும்பி வருகிறார்கள். எப்போதிருந்து என்று கேட்டால், "மூணு நாளா சளி டாக்டர். இங்க செஞ்ச மாதிரியே முதுகுல தட்டிக்கிட்டுதான் இருந்தோம்" என்கிறார்கள். அந்த மூன்று நாள்தான் என்னைக் கலங்க வைக்கிறது.

மருத்துவமனையில் நடப்பது வேறு

பிறந்தவுடன் குறைமாதக் குழந்தைக்கு வரும் திணறலுக்கு முக்கியக் காரணம் சளி அல்ல. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதிய அளவு சுரந்திருக்காது. அதற்கு சர்ஃபாக்டன்ட் மருந்தும் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியும்தான் சிகிச்சை, தட்டுவதால் பயனில்லை. நுரையீரலின் ஒரு பகுதி சளி அடைத்துச் சுருங்கினால் மட்டும் பிசியோதெரபிஸ்ட்டை அழைப்போம். அவர் குழந்தையின் தலை ஆடாமல் தாங்கிப் பிடித்து, ஆக்சிஜன் அளவைத் திரையில் பார்த்தபடி, பால் கொடுக்கும் முன் சில நிமிடங்கள் தட்டுவார். அளவு இறங்கினால் நிறுத்திவிடுவார். பல நேரங்களில் குழந்தையைப் படுக்கவைத்திருக்கும் நிலையை மாற்றுவதே போதுமானதாக இருக்கும்.

இத்தனை எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. நியூசிலாந்தில் 24 முதல் 27 வாரங்களில் பிறந்த சில குழந்தைகளுக்கு ஏற்பட்ட மூளைச் சிதைவுக்கும் நெஞ்சுத் தட்டல் சிகிச்சைக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1998இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். பயிற்சி பெற்ற கைகள் தட்டியபோதே அந்தச் சந்தேகம் எழுந்தது.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில்

தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் சளி இறங்கும் என்கிறார்கள். இறங்குவது பால், அது மூச்சுக்குழலுக்குள் போகும். மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்களிலும் அழுத்தம் ஏறும்.

தொக்கம் எடுப்பவரிடம் போய்விட்டு வருகிறார்கள். அங்கே தொண்டைக்குள் விரலை விட்டுப் புண்ணாக்கி, கிருமியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் இன்னும் நிற்கவில்லை. எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகை, ஏற்கெனவே தேறாத நுரையீரலை மேலும் புண்ணாக்கும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் தேய்த்தால் வலிப்பு வரலாம் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. மூத்த பிள்ளைக்கு வாங்கிய இருமல் மருந்தையும் நெபுலைசர் மருந்தையும் இந்தக் குழந்தைக்குக் கொடுக்க உங்களுக்கு யார் சொன்னது?

இன்னொன்று. மருத்துவமனையில் குப்புறப் படுக்க வைத்தார்களே என்று வீட்டிலும் அப்படியே தூங்க வைக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மூச்சையும் கருவி கவனித்தது. வீட்டில் மல்லாந்துதான் தூங்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தாய்ப்பால் கொடுங்கள். நெஞ்சோடு தோலொட்டி அணைத்து வைத்திருங்கள். அந்தக் கதகதப்பில் மூச்சு சீராகும். சளி பிடித்தவர்கள் பாட்டியாக இருந்தாலும் தள்ளி இருக்கட்டும். யாரும் பீடி, சிகரெட் பிடித்த கையோடு தொட வேண்டாம். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இடையிடையே மூச்சு நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.